அந்த 22,000 பவுணைத்தான் முதலில் கணக்கில் சேர்க்க வேண்டும்

கேள்வி: இலண்டன் ஹேய்ஸ் பகுதியில் 2021 மே மாதம் வாங்கிய வீட்டுக்கு, ஐந்து வருட ஃபிக்ஸட் ரேட்டில், அதாவது அந்தக் காலம் முழுதும் மாறாத 1.64 வீத வட்டிக்கு, மோர்ட்கேஜ் எடுத்தோம். மாதம் 1,395 பவுண் கட்டுகிறோம். வருகிற மே 31ஆம் திகதி அந்த ஒப்பந்தம் முடிகிறது. மிகுதிக் கடன் 309,000 பவுண், இன்னும் 22 வருடம் இருக்கிறது. வீட்டின் மதிப்பு இப்போது 500,000 என்று வங்கி சொல்கிறது. புதிய ஒப்பந்தத்துக்கு, இரண்டு வருடமானாலும் ஐந்து வருடமானாலும் 4.4 வீதம் கேட்கிறார்கள். ஒன்றும் செய்யாவிட்டால், ஒப்பந்தம் முடிந்தவுடன் தானாகவே விழுகிற அவர்களுடைய வழக்கமான வட்டி, அதாவது எஸ்.வி.ஆர், 7.5 வீதமாம். வட்டி இன்னும் குறையும், சில மாதம் எஸ்.வி.ஆரில் இருந்து பார்க்கலாம் என்று ஒரு நண்பரும், ஆறு மாதம் வட்டி மட்டும் கட்டலாம் என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். எனக்கு வயது 44. கடனை 30 வருடத்துக்கு நீட்டலாமா? வேறு வங்கிக்கு மாறலாமா? போன வருடம் முதல் நான் சொந்தமாக டாக்சி ஓட்டுகிறேன், மனைவி மருத்துவமனையில் வேலை செய்கிறா. (மகளின் சாமத்தியவீட்டுக்காக 22,000 பவுண் தனியாக வைத்திருக்கிறோம். ஆகஸ்டில் செய்ய வேண்டும் என்று ஊரில் இருக்கிற அம்மா கேட்கிறா. மண்டபத்துக்கு இன்னும் முற்பணம் கொடுக்கவில்லை. அந்தக் காசை இதில் கணக்கில் சேர்க்க வேண்டாம்.)

பதில்: தம்பி, நீங்கள் அடைப்புக்குறிக்குள் எழுதிவிட்டுக் கடந்துபோன அந்த நாலு வரிகளைத்தான் நான் மீண்டும் மீண்டும் வாசித்தேன். கையில் 22,000 பவுணை வைத்துக்கொண்டு, அறுபத்தாறு வயதில் முடிய வேண்டிய கடனை எழுபத்து நான்கு வயது வரை இழுக்கலாமா என்று கேட்கிறீர்கள். இந்த நாட்டில் நம்மவர் வீடுகளில் இது புதிய கதையல்ல. இதே கேள்வியை, பிள்ளையின் வயதும் மண்டபத்தின் பெயரும் மட்டும் மாறி, பலரும் எனக்கு எழுதியிருக்கிறார்கள். கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று நீங்கள் சொன்ன காசை நான் முதலில் சேர்க்கிறேன். அதைச் சேர்க்காமல் உங்களுக்கு நேர்மையான விடை எதையும் என்னால் தர முடியாது.

வங்கிகள் வட்டியை நிர்ணயிக்கும்போது, வீட்டின் மதிப்பில் கடன் எத்தனை வீதம் என்று பார்த்து, 60, 75, 80, 85, 90 போன்ற படிகளில் ஆட்களைப் பிரிக்கின்றன. உங்கள் கடன் வீட்டு மதிப்பில் 61.8 வீதம். அதனால் 75 வீதப் படியில் நிற்கிறீர்கள், அந்தப் படிக்குரிய 4.4 வீதத்தைத்தான் வங்கி உங்களிடம் கேட்டிருக்கிறது. கடன் 300,000 ஆகிவிட்டால், அதாவது வெறும் 9,000 பவுணைக் கட்டிவிட்டால், 60 வீதப் படிக்குள் வந்துவிடுவீர்கள். வங்கிகள் மிகக் குறைந்த வட்டியைப் பெரும்பாலும் அந்தப் படிக்குத்தான் கொடுக்கின்றன. வித்தியாசம் 0.2 வீதம் என்று வைத்துக்கொண்டால், 309,000க்கு 4.4 வீதத்தில் மாதம் 1,829 பவுணாக வருகிற தவணை, 300,000க்கு 4.2 வீதத்தில் 1,743 ஆகிறது. முதல் வருடத்தில் மட்டும் ஏறத்தாழ 1,000 பவுண் வட்டி மிஞ்சும். 9,000 பவுணைப் போட்டு வைத்தால் வருடம் 1,000 பவுண் தருகிற சேமிப்புக் கணக்கு இந்த நாட்டில் எங்கே இருக்கிறது? அந்தக் காசு இப்போது ஒரு மண்டபத்தின் முதலாளிக்காகக் காத்திருக்கிறது.

இதை மே 31க்கு முன்னரே செய்யலாம். ஃபிக்ஸட் காலத்துக்குள் பெரும்பாலான வங்கிகள் வருடத்துக்கு மிகுதிக் கடனில் 10 வீதம் வரை அபராதமில்லாமல் மேலதிகமாகக் கட்ட விடுகின்றன. உங்கள் விடயத்தில் அது 30,000க்கு மேல் வரும், ஆகவே 9,000 பவுணால் எந்தத் தொல்லையும் வராது. ஆனாலும் உங்கள் ஒப்பந்தப் பத்திரத்தில் அந்த வரம்பு எவ்வளவு என்பதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கட்டும்போது, அது கடனின் முதல்தொகையைக் குறைப்பதற்கான கொடுப்பனவு, வரப்போகிற தவணைகளுக்கான முற்பணம் அல்ல என்பதையும் வங்கியிடம் தெளிவாகச் சொல்லுங்கள். புதிய ஒப்பந்தத்தைத் தெரிவு செய்கிற நாளில் கடன் எவ்வளவு இருக்கிறதோ அதை வைத்துத்தான் படியைத் தீர்மானிப்பார்கள். எனவே முதலில் காசு, பிறகு விண்ணப்பம்.

இனி எஸ்.வி.ஆரில் இருந்து பார்க்கலாம் என்ற யோசனை. 7.5 வீதத்தில் உங்கள் தவணை மாதம் 2,393 பவுண். இப்போது கட்டுவதைவிட ஏறத்தாழ 1,000 பவுண் அதிகம், 4.4 வீத ஒப்பந்தத்தைவிடவும் 564 பவுண் அதிகம். நாலு மாதம் பொறுத்தால் 2,256 பவுண் போய்விடும். அதை ஈடுசெய்கிற அளவுக்கு வட்டி நாலு மாதத்தில் இறங்கும் என்று உங்கள் நண்பர் எழுதிக் கையொப்பமிட்டுத் தருவாரா? இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டி 2021 டிசம்பர் வரை 0.1 வீதமாக இருந்து, 2023 ஆகஸ்டில் 5.25 வீதத்துக்கு ஏறியது. பிறகு அடுத்த ஆகஸ்டிலிருந்து கால் கால் வீதமாக இறங்கத் தொடங்கி, 4 வீதத்துக்கு வரவே இன்னொரு வருடம் எடுத்தது. ஏறும்போது மளமளவென்று ஏறியது, இறங்கும்போது மெல்ல மெல்லத்தான் இறங்குகிறது. 2022ஆம் ஆண்டு கோடையில் இன்னும் கொஞ்சம் பொறுப்போம் என்று இருந்தவர்கள், செப்டம்பர் 23ஆம் திகதி அப்போதைய நிதியமைச்சர் குவாசி குவார்டெங் தம்முடைய மினி பட்ஜெட்டை வாசித்த சில நாட்களுக்குள், வங்கிகள் நூற்றுக்கணக்கான ஒப்பந்தங்களை ஒரேயடியாக மீளப்பெற்றதைக் கண்டார்கள். அன்று அவர்களிடம் பொறு என்று சொன்ன நண்பர்கள் தவணை கட்ட வரவில்லை.

வட்டி குறையும் என்ற நம்பிக்கை இருந்தால், அதற்கு எஸ்.வி.ஆரைவிட நல்ல வழி உண்டு. ஒப்பந்தம் முடிவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, வங்கியைப் பொறுத்து நாலு மாதம் முதல் ஆறு மாதம் வரை, புதிய வட்டியைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். புதிய ஒப்பந்தம் தொடங்குவதற்கு முன்னர் அதே வங்கி வட்டியைக் குறைத்தால், பல வங்கிகளில் குறைந்த வட்டிக்கு மாற்றிக்கொள்ளவும் முடியும். ஏறினால் உங்களுக்குப் பாதிப்பில்லை, இறங்கினால் இலாபம். இந்தப் பாதுகாப்புக்கு ஒரு காசும் கொடுக்கத் தேவையில்லை. அதை விட்டுவிட்டு எஸ்.வி.ஆருக்குள் நடந்து போவது அலட்சியம்; அலட்சியத்துக்குப் பொறுமை என்று பெயர் வைக்காதீர்கள். வீட்டை இரண்டு மூன்று மாதத்தில் விற்கப் போகிறவர்களுக்கு, இடையில் விலகினாலும் அபராதமில்லை என்பதால், எஸ்.வி.ஆர் பொருந்தலாம். நீங்கள் விற்கப் போவதில்லை.

ஆறு மாதம் வட்டி மட்டும் கட்டுகிற வசதி 2023 ஜூனில் அரசாங்கமும் வங்கிகளும் சேர்ந்து கொண்டுவந்த மோர்ட்கேஜ் சாசனத்தின் கீழ் வருவது. தவணை பிந்தாமல் கட்டிவருகிறவர் கேட்டால், வருமானத்தை மறுபடி ஆராயாமல், கடன் தரவரிசையைப் பாதிக்காமல் கொடுக்கிறார்கள். வேலை போனவருக்கும், நோயில் விழுந்தவருக்கும், கணவனோ மனைவியோ பிரிந்துபோய் ஒற்றைச் சம்பளத்தில் தத்தளிப்பவருக்கும் அது பெரிய உதவி. அந்த ஆறு மாதமும் கடனின் முதல்தொகை ஒரு பவுணும் குறையாது, அதன் பிறகு தவணை முன்னைவிடச் சற்றுக் கூடும். மண்டபத்துக்குக் காசை ஒதுக்கி வைத்துவிட்டு, வீட்டுக்குக் கட்டக் காசில்லை என்று அந்த வாசலில் போய் நிற்பது சரியென்று உங்களுக்குப் படுகிறதா?

30 வருடத்துக்கு நீட்டினால் தவணை 1,547 பவுணாக இறங்கும் என்பது உண்மைதான். வங்கி அலுவலர் அந்த எண்ணைத்தான் உங்களுக்குக் காட்டுவார், ஏனென்றால் கண்ணுக்கு இதமாக இருப்பது அதுதான். 22 வருடத்தில் நீங்கள் கட்டும் மொத்தத் தொகை, 4.4 வீதமே நீடித்தால், ஏறத்தாழ 483,000; 30 வருடத்தில் அது 557,000. ஆக 74,000 பவுண் கூடுதல். எழுபத்து நான்கு வயதில் இரவு இரண்டு மணிக்கு ஹீத்ரோவில் பயணிக்காகக் காத்து நிற்கப் போகிறவர் நீங்கள்தான். அந்த வயதில் உங்களால் முடியாமல் போனால், மிகுதித் தவணை யாருடைய தோளில் விழும்? இன்று யாருக்காகப் பெருவிழா எடுக்க நினைக்கிறீர்களோ, அந்தப் பிள்ளையின் தோளில்.

இதை இவ்வளவு கடுமையாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. பெற்றவர்கள் பிள்ளைக்குச் செய்ய வேண்டிய கடமைகளில் தலையாயது, அது படுத்தெழும்புகிற கூரையைப் பறிபோகாமல் காப்பது என்று நான் முழுமையாக நம்புகிறேன். சாமத்தியவீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாய்மாமனும் மாமியும் வந்து நின்று, தண்ணீர் வார்த்து, ஆராத்தி எடுத்து, பிள்ளையை நடுவில் இருத்தி வாழ்த்துவது நம்முடைய நல்ல வழக்கம், அது அவளுக்குக் கிடைக்க வேண்டும். அதற்கு முந்நூறு பேருக்கான மண்டபமோ, ஒரே நாளில் நாலு சேலையோ, பறந்து படமெடுக்கிற டிரோனோ தேவையில்லை. அவை பிள்ளைக்காகச் செய்யப்படுவன அல்ல, பார்க்க வருகிறவர்களுக்காகச் செய்யப்படுவன. மொய்யில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று மனதுக்குள் ஒரு கணக்கு ஓடினால், அதையும் நிறுத்துங்கள். வருகிற ஒவ்வொரு உறையும் நீங்கள் இன்னொரு நாள் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன். ஏற்கெனவே 309,000 பவுண் கடன் இருக்கிறவருக்கு அது வருமானமாகாது.

9,000 போக உங்களிடம் 13,000 இருக்கும். அதில் 7,000 பவுணை, ஏறத்தாழ நாலு மாதத் தவணையை, உடனே எடுக்கக்கூடிய கணக்கில் போட்டுத் தொடாமல் வையுங்கள். சொந்தத் தொழில் செய்கிறவருக்குக் கார் பழுதானாலோ காய்ச்சல் வந்தாலோ அந்த வாரம் வருமானம் இல்லை. மிகுதி 6,000 பவுணில் வீட்டிலோ கோயில் மண்டபத்திலோ நெருங்கிய உறவினரைக் கூப்பிட்டு, வயிறு நிறையச் சாப்பாடு போட்டு, நிறைவாகவே செய்யலாம். ஊரில் இருக்கிற அம்மாவிடம் உங்கள் மனைவியைப் பேச விடாதீர்கள். தாயிடம் மகன்தான் பேச வேண்டும். மோர்ட்கேஜ் தவணை 1,395இலிருந்து 1,743 ஆகிறது, மாதம் 348 பவுண் கூடுகிறது என்று எண்ணைச் சொல்லிப் பேசுங்கள். மகன் வீட்டை இழக்கக்கூடிய நிலைமை தெரிந்தும் மண்டபம் கேட்கிற தாய்மார் அரிது. பெரும்பாலான வீடுகளில் அந்த உண்மையை அவர்களிடம் யாரும் சொல்வதே இல்லை.

வேறு வங்கிக்கு மாறுவது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். புதிய வங்கி உங்கள் வருமானத்தை முழுமையாக ஆராயும். சொந்தத் தொழில் என்றால் பொதுவாக இரண்டு வருட வரிக் கணக்குக் கேட்பார்கள், உங்களுக்கோ ஒரு வருடம்தான் ஆகிறது. இருக்கிற வங்கியிலேயே ஒப்பந்தத்தை மட்டும் மாற்றினால், கடனைக் கூட்டாமலும் காலத்தை மாற்றாமலும் இருக்கும் வரை, பொதுவாக வருமானச் சோதனையும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. ஆகவே உங்களுக்கு இப்போதைக்கு அதுவே ஏற்ற வழி. இருந்தாலும் எல்லா வங்கிகளையும் பார்க்கக்கூடிய ஒரு புரோக்கரிடம் கேளுங்கள், பலர் உங்களிடம் கட்டணம் வாங்குவதில்லை. மாறினாலும் பழைய ஒப்பந்தம் முடிவதற்கு ஒரு நாள் முன்னர்கூடப் புதிய கடன் தொடங்கிவிடக் கூடாது. தொடங்கினால் முன்கூட்டியே முடித்ததற்கான அபராதம் விழும், 1 வீதமாக இருந்தாலே அது 3,000 பவுண். 999 பவுண் கட்டணத்தோடு வருகிற குறைந்த வட்டியையும், கட்டணமில்லாத சற்றுக் கூடிய வட்டியையும் ஒப்பிடும்போது, இரண்டு வருட ஒப்பந்தத்தில், 300,000 பவுண் கடனுக்கு, இடைவெளி ஏறத்தாழ 0.17 வீதத்துக்கு மேல் இருந்தால்தான் கட்டணம் கொடுப்பது இலாபம். அந்தக் கட்டணத்தையும் கடனோடு சேர்த்துவிடாதீர்கள், அதற்கும் 22 வருடம் வட்டி ஓடும், கடனும் மறுபடி 300,000ஐத் தாண்டிவிடும்.

இரண்டு வருடமா, ஐந்து வருடமா என்றால், உங்கள் நிலையில் நான் ஐந்து வருடத்தையே எடுப்பேன். அடிப்படை வட்டியோடு ஏறி இறங்குகிற ட்ராக்கர், மாதம் 200 பவுண் கூடினாலும் தாங்கக்கூடியவருக்குத்தான். வாரத்துக்கு வாரம் வருமானம் மாறுகிற ஒருவருக்குத் தவணையாவது மாறாமல் இருக்கட்டும். உங்கள் மகளுக்கு இப்போது பன்னிரண்டோ பதின்மூன்றோ இருக்கும். ஐந்து வருடத்தில் பல்கலைக்கழக வாசலில் நிற்பாள், அதுவரை வீட்டுக் கணக்கு உங்களை அசைக்காது. இடையில் வீடு மாற வேண்டி வந்தால், ஒப்பந்தத்தைப் புதிய வீட்டுக்குக் கொண்டுபோக முடியுமா என்பதை மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

மோர்ட்கேஜ் இருவர் பெயரிலும் இருந்தால், தவணை தவறும்போது முழுக் கடனுக்கும் இருவரில் ஒவ்வொருவரும் பொறுப்பு. உங்கள் கடிதத்தில் மனைவியின் வேலை இருக்கிறது, அவருடைய கருத்து எங்கும் இல்லை. இந்தச் சனி அல்லது ஞாயிறு, அவர் வேலையில்லாத நேரமாகப் பார்த்து, வங்கிக் கடிதத்தையும் அந்த 22,000 பவுண் இருக்கிற கணக்கின் விபரத்தையும் மேசையில் வைத்து இருவருமாக உட்காருங்கள். திங்கட்கிழமை வங்கிக்குப் போன் எடுத்து, அபராதமில்லாமல் எவ்வளவு கட்டலாம், 300,000 ஆனால் எந்த வட்டி தருவீர்கள், அதை எந்தத் திகதியிலிருந்து பிடித்து வைக்கலாம் என்ற மூன்றையும் கேட்டு, பதிலை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். அந்தப் பதில் வரும் வரை எந்த மண்டபத்துக்கும் முற்பணம் கொடுக்க வேண்டாம்.