வீட்டுக்குள் படம் ஓட நெட் பிளான் எதற்கு?

வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கு இடையே வைஃபை வழியாகப் படம் பகிர்வது பற்றி வேலூர், ராணிப்பேட்டை பக்கத்திலிருந்து தொடர்ந்து கேள்விகள் வருகின்றன. தேவையில்லாத இடத்தில் பணம் போகிறது என்பது பல கடிதங்களில் தெரிகிறது. அதனால் இந்த முறை முழுக்க அதற்கே.

கேள்வி: எங்களுடையது மாடி வீடு. கீழே ஹாலில் இருக்கும் கம்ப்யூட்டரில் அப்பா பல வருடமாகச் சேர்த்த படங்கள் இருக்கின்றன. மாடியில் லேப்டாப்பில் வைஃபை வழியாகப் போட்டால் நின்று நின்று ஓடுகிறது. கேபிள்காரர் 50 எம்பிபிஎஸ் (விநாடிக்கு இத்தனை மெகாபிட்) பிளானை 200க்கு மாற்றச் சொல்கிறார். கடையில் ஆறாயிரம் ரூபாய்க்கு ரூட்டர் வாங்கச் சொல்கிறார்கள். எதைச் செய்வது?
(வாசகி, சத்துவாச்சாரி)

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம்.

பிளானை மாற்றும் யோசனையை முதலில் விட்டுவிடுங்கள். கீழே இருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து படம் ரூட்டருக்குப் போகிறது, அங்கிருந்து மாடி லேப்டாப்புக்கு வருகிறது. அவ்வளவுதான் பயணம். வீட்டுக்கு வெளியே அது போவதே இல்லை. நெட் கட்டாகிக் கிடக்கும் ஒரு நாளில் போட்டுப் பாருங்கள், ரூட்டருக்குக் கரண்ட் இருந்தால் படம் ஓடும். அப்படியிருக்க, மாதா மாதம் கூடுதலாகப் பணம் கட்டி 200 பிளான் வாங்கினாலும் இந்த விஷயத்தில் ஒரு மாற்றமும் தெரியாது.

சரி, ஒரு படத்துக்கு எவ்வளவு வேகம்தான் வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டரை மணி நேரப் படம் என்றால் 9,000 விநாடி. ஃபைல் 2 ஜிபி என்றால் கிட்டத்தட்ட 16,000 மெகாபிட். வகுத்தால் விநாடிக்கு 2 மெகாபிட்கூட வரவில்லை. 8 ஜிபி படத்துக்கு ஏழு சொச்சம். நல்ல தரத்தில் 40 ஜிபி இருக்கும் 4கே படத்துக்கே சராசரியாக 36 போதும், சண்டைக் காட்சி மாதிரியான இடங்களில் அதைவிட ஏறும். இங்கே பலரும் குழம்புவது பிட்டிலும் பைட்டிலும்தான். ஃபைல் அளவு பைட்டில் இருக்கும், ரூட்டர் பெட்டியில் போட்டிருப்பது பிட்டில். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட்.

ஆக, உங்கள் பழைய ரூட்டருக்கே இந்த வேலை பெரிதில்லை. பிறகு ஏன் நிற்கிறது? நீங்கள் அனுப்பிய விவரத்தில் ஒரு வரி இருக்கிறது: கீழே இருக்கும் கம்ப்யூட்டரும் வைஃபையில்தான் இருக்கிறது, சிபியூவுக்குப் பின்னால் சின்ன டாங்கிள் (வைஃபை பிடிக்கும் யூஎஸ்பி குச்சி) சொருகியிருக்கிறது. சிக்கல் பெரும்பாலும் அங்கேதான். ஒரே அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் அனுப்ப முடியும். கம்ப்யூட்டர் ரூட்டருக்கு அனுப்பும்போது ரூட்டர் லேப்டாப்புக்கு அனுப்பாமல் காத்திருக்கும். ஒரே படம் இரண்டு முறை காற்றில் போவதால் கிடைக்கும் வேகம் பாதியாகிவிடும். போதாததற்கு டாங்கிள் இருப்பது மேசைக்கு அடியில், இரும்புப் பெட்டியின் முதுகில், சுவரைப் பார்த்தபடி. சிக்னல் போக வழி எங்கே?

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. படங்கள் இருக்கும் கம்ப்யூட்டரை ரூட்டரோடு லேன் கேபிளில் இணைத்துவிடுங்கள். லேப்டாப் வைஃபையிலேயே இருக்கட்டும். ஒரே ஹாலில் இரண்டும் இருப்பதால் கேபிள், இரண்டு முனைக்கு கிளிப், சுவரோரம் ஒட்டும் வெள்ளை பிளாஸ்டிக் பட்டி எல்லாம் சேர்த்தாலும் அந்த ஆறாயிரத்தில் சிறு பங்குதான் ஆகும். கேட் 5இ (Cat 5e) வகைக் கேபிளே 100 மீட்டர் வரை விநாடிக்கு 1,000 மெகாபிட் தாங்கும். வீட்டுக்கு அது தாராளம்.

கேபிள் வாங்கும்போது மட்டும் கவனம் தேவை. கேட் 6 என்று உறையில் அச்சடித்துவிட்டு, உள்ளே அலுமினியக் கம்பிக்குச் செம்புப் பூச்சு பூசி விற்பதும் சந்தையில் உண்டு. கடையிலேயே ஒரு முனையை உரிக்கச் சொல்லி, உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி ஒன்றை பிளேடால் லேசாகச் சுரண்டுங்கள். சுரண்டிய இடத்தில் வெள்ளை வெளேரென்று பளிச்சிட்டால் அலுமினியம். எவ்வளவு சுரண்டினாலும் செம்பு நிறமே இருந்தால் நல்ல கேபிள். உறையில் சிசிஏ (CCA, செம்பு பூசிய அலுமினியம்) என்ற எழுத்துகள் இருந்தால் சுரண்டவே வேண்டாம், அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கம்பியை மடக்கி மடக்கிப் பார்த்தாலும் அலுமினியம் சீக்கிரம் ஒடியும்.

அப்புறம் ரூட்டரின் இடம். டிவி ஸ்டாண்டுக்கு உள்ளே, இரும்பு பீரோவுக்குப் பக்கத்தில், ஃபிரிட்ஜுக்குப் பின்னால், இந்த மூன்று இடத்திலும் வைக்காதீர்கள். மாடிப்படி ஏறும் இடத்தில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு சின்னப் பலகை அடித்து வைத்தால், கான்கிரீட் தளத்தைத் துளைக்க வேண்டிய அவசியமில்லாமல் படிக்கட்டுத் திறப்பு வழியாகவே சிக்னல் மேலே போகும். உங்கள் தெருவில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருப்பதால் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையில் நெரிசல் இருக்கும். அதில் ஒன்றோடு ஒன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே மூன்றுதான். ரூட்டரில் 5 ஜிகாஹெர்ட்ஸ் இருந்தால் லேப்டாப்பை அதில் போட்டுப் பாருங்கள். வேகம் அதிகம், ஆனால் சுவரைத் தாண்டும் சக்தி குறைவு. மாடியில் எது நிற்காமல் ஓடுகிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்தபின் படம் நின்றால் மட்டும் புது ரூட்டர் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: எங்களுடையது தாத்தா காலத்து வீடு. சுண்ணாம்புக் காரைச் சுவர், ஒரு முழத்துக்கு மேல் கனம். முன் அறையில் ரூட்டர், பின் அறையில் சிக்னலே இல்லை. ரிப்பீட்டர் வாங்கலாமா, மெஷ் வாங்கலாமா?
(வாசகர், ஆற்காடு)

பதில்: விலை குறைந்த ரிப்பீட்டர் வேண்டாம். அது வாங்கிய சிக்னலையே அதே அலையில் திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகும், படத்துக்கு அது தலைவலி. மெஷ், அதாவது ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பல வைஃபை பெட்டிகள், நல்லதுதான், ஆனால் உங்கள் சுவருக்கு மெஷ் பெட்டிகளும் ஒன்றையொன்று பார்க்கத் திணறும்.

வீட்டில் பழைய ரூட்டர் ஒன்று சும்மா கிடக்கிறதா? பெரும்பாலான வீடுகளில் கிடக்கும். அதைப் பின் அறைக்குக் கொண்டுபோங்கள். முன் அறை ரூட்டரின் லேன் போர்ட்டிலிருந்து ஒரு கேபிள் இழுத்து, பழையதின் லேன் போர்ட்டில் சொருகுங்கள். வேன் (WAN) போர்ட்டில், அதாவது நெட் லைன் வந்து சேரும் துளையில், சொருகக் கூடாது, அப்படிச் செய்தால் இரண்டு அறையும் தனித்தனி நெட்வொர்க் ஆகிவிடும், ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றின் கண்ணுக்குத் தெரியாது. சொருகுவதற்கு முன் பழைய ரூட்டரின் செட்டிங்கில் இரண்டு வேலை: அதன் ஐபி முகவரி முதல் ரூட்டரோடு இடிக்காதபடி மாற்ற வேண்டும், கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஹெச்சிபியை (DHCP) அணைக்க வேண்டும். பெயரும் பாஸ்வேர்டும் முன் அறையில் இருப்பதையே வைக்கலாம்.

முற்றம் வைத்த வீடாக இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. முற்றத்தைப் பார்த்த தாழ்வாரத்தில் ரூட்டரை மாட்டிப் பாருங்கள். திறந்தவெளியில் சிக்னலுக்குத் தடையில்லை, கேபிள் செலவே மிஞ்சலாம். மழைச்சாரல் படாத இடமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேபிள் வீட்டுக்கு வெளியே சுற்றிப் போக வேண்டி வந்தால் வெளியில் போடுவதற்கென்றே வரும் கறுப்பு உறைக் கேபிளாக வாங்குங்கள். உள்ளே போடும் சாம்பல் நிறக் கேபிள் நம் ஊர் வெயிலில் நாளடைவில் உறை வெடித்துப் போகும். கரண்ட் ஒயர் போகும் பைப்புக்குள் இதையும் சேர்த்து விட எலெக்ட்ரீஷியன் சொன்னால் சம்மதிக்காதீர்கள். அது ஆபத்து.

கேள்வி: இரண்டு கம்ப்யூட்டருக்கும் இடையே படம் பகிர ‘சாஃப்ட்வேர் போட்டு’ தர 1,500 ரூபாய் கேட்கிறார்கள். நியாயமா?
(வாசகர், குடியாத்தம்)

பதில்: அவர் நேரத்துக்குக் கூலி கேட்டால் அது அவர் உரிமை. சாஃப்ட்வேருக்கு என்று கேட்டால் கொடுக்காதீர்கள், தேவையானது விண்டோஸிலேயே இருக்கிறது. படங்கள் இருக்கும் ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து, பிராபர்ட்டீஸ், அதில் ஷேரிங். நெட்வொர்க் வகை பப்ளிக் என்று இருந்தால் பிரைவேட் ஆக்குங்கள். அந்தக் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டோடு ஒரு யூசர் கணக்கு உருவாக்கி, அதற்குப் படிக்கும் அனுமதி மட்டும் கொடுங்கள். எல்லோருக்கும் முழு அனுமதி கொடுத்து வைத்தால் பிள்ளைகள் தெரியாமல் அழித்துவிடலாம், ஒரு கம்ப்யூட்டரில் புகுந்த வைரஸ் இன்னொன்றில் இருப்பதையும் கெடுத்துவிடலாம். கல்யாண வீடியோவும் அதே ஃபோல்டரில் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பழைய வீடியோக்களைப் பார்த்து, விண்டோஸில் முன்பு இருந்த ஹோம்குரூப் என்ற பகிர்வு வசதியைத் தேடாதீர்கள். 2018இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலேயே அதை எடுத்துவிட்டார்கள். ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றைக் காட்டவில்லை என்றால் ஏதாவது ஒன்று கெஸ்ட் வைஃபையில் (விருந்தினருக்கான தனி வைஃபை) இருக்கிறதா என்று பாருங்கள், கெஸ்ட்டில் இருக்கும் கருவிகளை ரூட்டரே பெரும்பாலும் பிரித்து வைத்துவிடும். வந்தவர் ‘ஃபயர்வாலை ஆஃப் பண்ணிட்டா சரியாயிடும்’ என்றால் தடுத்துவிடுங்கள், அது வெளியாட்கள் உள்ளே புகாமல் காக்கும் காவல்.

படம் பார்க்க விஎல்சி பிளேயர் போதும், இலவசம்தான். அதன் ஆண்ட்ராய்டு செயலியும் வீட்டு நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டரைத் திறக்கும். டிவியில் போஸ்டரோடு அழகாக அடுக்கிப் பார்க்க ஆசையென்றால் ஜெல்லிஃபின் என்ற சாஃப்ட்வேர் இருக்கிறது, அதற்கும் காசில்லை. படம் இருக்கும் கம்ப்யூட்டர் தூங்கிப் போகாதபடி பவர் செட்டிங்கில் ஸ்லீப்பை அணைக்க மறக்க வேண்டாம்.

கேள்வி: நாஸ் பெட்டி (ரூட்டரோடு இணைக்கும் ஹார்ட் டிஸ்க் பெட்டி) வாங்கினால்தான் சரி என்கிறார் மகன். வாங்கவா?
(வாசகர், ஆம்பூர்)

பதில்: படத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம். பழைய லேப்டாப் ஒன்றே அந்த வேலையைச் செய்யும். ரூட்டரில் யூஎஸ்பி போர்ட் இருந்தால் ஹார்ட் டிஸ்க்கை அதிலேயே சொருகலாம், ஒருவர் பார்க்க அது போதும். டிஸ்க் ஃபேட்32 வடிவத்தில் இருந்தால் மட்டும் 4 ஜிபிக்கு மேற்பட்ட படம் ஏறாது. எதை வாங்கினாலும் பரண் மேல் வைக்காதீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் தளத்துக்குக் கீழே தேங்கும் சூடு ஹார்ட் டிஸ்க்குக்கு ஆகாது.

கேள்வி: 1200 எம்பிபிஎஸ் என்று பெட்டியில் போட்டிருந்த ரூட்டர் வாங்கினேன். கேபிளில் இணைத்து ஃபைல் காப்பி செய்தால் விநாடிக்கு 11 எம்பிக்கு மேல் போகவில்லை. ‘விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது’ என்று பில்லிலேயே அச்சிட்டிருப்பதைக் காட்டுகிறார் கடைக்காரர். வழக்குப் போடலாமா?
(வாசகர், காட்பாடி)

பதில்: முதலில் அந்த 1200 எப்படி வந்தது என்று சொல்கிறேன். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் 300, 5 ஜிகாஹெர்ட்ஸில் 867, இரண்டையும் கூட்டி முழு எண்ணாக்கியது. இரண்டையும் சேர்த்து ஒரு லேப்டாப்புக்குத் தராது. உங்களுக்குக் கிடைத்த 11 மெகாபைட் வேறு கதை. அந்த ரூட்டரின் லேன் போர்ட்டுகள் பெரும்பாலும் 100 மெகாபிட் வகையாக இருக்கும். 100ஐ எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை, நடைமுறையில் 11 சொச்சம். அப்படியென்றால் ரூட்டர் பழுதில்லை. அதன் எல்லையே அதுதான். படம் பார்க்க இது போதும். ஃபைல் காப்பி செய்யத்தான் நேரமாகும்.

இப்போது பெட்டியை எடுத்து போர்ட் விவரம் எழுதியிருக்கும் பக்கத்தைப் படியுங்கள். 10/100 என்று போட்டிருந்தால் உங்கள் வழக்கு நிற்பது கடினம். மீதிப் பணம் கொடுத்து கிகாபிட் (1,000 மெகாபிட்) போர்ட் உள்ள மாடலுக்கு மாற்றித் தரக் கேளுங்கள், பல கடைக்காரர்கள் ஒத்துக்கொள்வார்கள். கிகாபிட் என்றே அச்சிட்டிருந்து உள்ளே இல்லையென்றால் அது வேறு விஷயம்.

பில்லில் அச்சடித்த அந்த வாசகத்துக்குப் பயப்படாதீர்கள். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள் செய்து தர வேண்டும். பில் தர மறுப்பதும் அதே வகைதான். ‘பில் இல்லாம வாங்கினா குறைச்சுத் தரேன்’ என்றால் உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆதாரத்தை விலைக்குக் கேட்கிறார் என்று அர்த்தம்.

குறை நிஜமாகவே இருந்தால் கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் நகல் வைத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள், தமிழிலேயே பேசலாம். அதிலும் தீராவிட்டால் வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. ஆன்லைனில் வெளியூர்க் கம்பெனியிடம் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம் உண்டு. பில், பெட்டியின் நான்கு பக்கமும் எடுத்த படம், காப்பி வேகம் தெரியும் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் இன்றைக்கே எடுத்து வையுங்கள். பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.