ஒரே கணக்கு, ரெண்டு கிராஃப்: எதை நம்புறது?

கேள்வி: எங்க வாட்ஸ்அப் குரூப்புல ஒருத்தர் உலக வெப்பநிலை கிராஃப் போட்டாரு, 1880-லேர்ந்து கோடு சும்மா ஏறிக்கிட்டே போவுது. இன்னொருத்தர் அதே நாசா கணக்குன்னு வேற ஒண்ணு போட்டாரு, அதுல கோடு அப்படியே படுத்துக் கெடக்கு. யாரு சார் பொய் சொல்றது? அதுவும் இல்லாம இங்க விடிகாலைல 25, மதியம் 38, இதுல ஒரு டிகிரி கூடுனா என்ன ஆயிடப்போவுது?
– வாசகர், மன்னார்குடி

பதில்: நம்பர் ரெண்டுலயும் ஒண்ணாதான் இருக்கும் சார், இடது பக்கத்து அளவைப் பாருங்க. படுத்த கிராஃபுல மைனஸ் 20-லேர்ந்து 50 வரைக்கும் போட்டிருப்பாங்க, அந்த உயரத்துல ஒண்ணரை டிகிரி எங்க தெரியும்? பூஜ்யத்துலேர்ந்து போடுறதுதானே நேர்மைனு கேப்பாங்க, ஆனா செல்சியஸ்ல பூஜ்யம்னா தண்ணி உறையுற எடம், அவ்ளோதான். மேட்டூர் நிரம்புனா 120 அடின்னுதான சொல்றோம், கடல் மட்டத்துலேர்ந்து 790 அடின்னு போட்டா 20 அடி இறங்குனாலும் பெருசா தெரியாது, அதை வச்சு குறுவைக்கு முடிவு பண்ணுவீங்களா?

அதுக்காக ஏறுற கிராஃபையும் கண்ணை மூடிக்கிட்டு நம்ப வேணாம். அதுல 0-ன்னு போட்டிருக்கே, அது எந்த வருஷத்து சராசரி? நாசா 1951–1980 எடுக்குது, ஐ.நா.வோட பருவநிலை விஞ்ஞானிகள் குழுவான ஐபிசிசி 1850–1900, நம்ம வானிலைத் துறை இப்ப 1991–2020. அதனாலதான் 2024-ஐ நாசா 1.28 டிகிரி அதிகம்னுச்சு, 1850–1900-ஐ வச்சு உலக வானிலை அமைப்பு சுமார் 1.55-ன்னுச்சு, ரெண்டும் சரிதான். இன்னொரு வேலையும் நடக்கும், எல் நினோ, அதாவது பசிபிக் கடல் தண்ணி சூடாகி உலக வெப்பத்தையே தூக்கிவிடுற நிகழ்வு, கொளுத்துன 1998-ல கோட்டை ஆரம்பிச்சு 2012-ல வெட்டிட்டு பாருங்க ஏறவே இல்லைம்பாங்க, அதை அப்படியே தள்ளிருங்க.

ஒரு டிகிரி விஷயம். உங்க 25-38 ஒரு ஊரோட ஒரு நாள் கணக்கு, அந்த ஒரு டிகிரி உலகம் முழுக்க வருஷம் பூரா எடுத்த சராசரில கூடுறது. கடைசி பனியுகத்துக்கும் தொழிற்புரட்சிக்கு முந்தின காலத்துக்குமே வித்தியாசம் 5-லேர்ந்து 7 டிகிரிதான். நெல்லுல பாத்தா பிலிப்பைன்ஸ்ல இருக்குற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 2004-ல ஒண்ணு சொன்னாங்க, அவங்க வயல்ல கோடைப் பட்டத்துல ராத்திரி வெப்பம் ஒரு டிகிரி கூடுனா மகசூல் 10 சதவீதம் வரை கொறைஞ்சிருக்கு. அதை அப்படியே நம்ம ஆடுதுறை ரகத்துக்கு ஒட்ட வைக்கக் கூடாது, ஆனா பூக்குற நேரத்துல 35-ஐத் தாண்டுனா பதர் கூடும்ங்கிறது எல்லா ஊருக்கும் பொதுதான்.

நீங்களே ஊர் கணக்கை கிராஃப் போடுறதா இருந்தா மதிய வெயிலை மட்டும் போட்டுட்டு விட்றாதீங்க, ராத்திரி குறைந்தபட்சத்தையும் தனிக் கோடா போடுங்க.