ஷட்டர் வைத்த டிவி: கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

பெங்களூரு எஸ்.பி. ரோட்டு டிவி மெக்கானிக்குகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் வீடு ஸ்ரீராமபுரத்தில். அப்பா ஆலையில் வேலை பார்த்தபோது லோன் போட்டு வாங்கிய டயனோரா பிளாக் அண்ட் ஒயிட் டிவி ஒன்று இருக்கிறது. இருபது இஞ்ச், மரப்பெட்டி, இரண்டு பக்கமும் இழுத்து மூடுகிற ஷட்டர். சாவிகூட பத்திரமாக இருக்கிறது. வருஷக்கணக்காக மாடிப்படிக்குக் கீழே சாக்கு போர்த்திக் கிடந்தது. இப்போது வீட்டை இடித்துக் கட்டப்போகிறோம், அதனால் வெளியே வந்திருக்கிறது.

ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பழைய சாமான் வாங்குகிற குஜரிக்காரர் எடைக்குக் கேட்கிறார். இன்டீரியர் வேலை செய்கிற என் தம்பி, உள்ளே இருப்பதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு எல்.இ.டி. பேனலை வைத்தால் பழைய காலத்து அழகோடு ஹாலில் நிற்கும் என்கிறான். எனக்கு அது பழையபடி ஓட வேண்டும் என்று ஆசை. ஆனால் ஓடினாலும் அதில் எதைப் பார்ப்பது? ஆன்டெனாவும் இல்லை, ஆன்டெனாவுக்கு வருகிற சிக்னலும் இல்லை. பிளக்கைச் செருகிப் பார்க்கலாம் என்று போனபோது அம்மா, ‘வெடிச்சிடப் போகுது, தொடாதே’ என்று தடுத்துவிட்டார்கள். இதற்கு மெனக்கெடலாமா? எங்கே தொடங்குவது?

வி., ஸ்ரீராமபுரம், பெங்களூரு

அன்புள்ள வி.,

முதலில் அம்மாவுக்கு நன்றி சொல்லிவிடுங்கள். பழைய டிவி கையில் கிடைத்தவர்கள் எல்லோரும் முதலில் செய்வது கரண்ட் கொடுத்துப் பார்ப்பதுதான். காப்பாற்றியிருக்கக்கூடிய பல செட்டுகள் அந்த ஒரு நிமிஷத்தில் போயிருக்கின்றன. உள்ளே உருளை உருளையாக நிற்கும் எலக்ட்ரோலைட்டிக் கண்டன்சர்களில் அலுமினியத் தகட்டின் மேல் மெல்லிய ஆக்ஸைடு படலம் ஒன்று உண்டு. இன்சுலேஷனே அதுதான். வருஷக்கணக்கில் கரண்ட் ஏறாமல் கிடந்தால் அந்தப் படலம் கெட்டுப்போகும். அப்புறம் திடீரென்று முழு வோல்டேஜ் வந்தால் கண்டன்சர் ஷார்ட் ஆகி, சூடேறி, வாயைப் பிளந்துவிடும். போகிற போக்கில் பவர் சப்ளையையும் இழுத்துக்கொண்டு போகும். பிக்சர் டியூபுக்கு உயர்ந்த வோல்டேஜ் கொடுக்கிற ஈ.எச்.டி. டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து போனால், அதே மாடலுக்கு இன்னொன்று கிடைப்பது குதிரைக்கொம்பு.

மெனக்கெடலாமா என்று கேட்டீர்கள். கட்டாயம் மெனக்கெடுங்கள். தம்பியின் யோசனைக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். குஜரிக்காரரிடம் போனால்கூட அதன் உதிரி பாகங்கள் வேறொரு செட்டுக்குப் போய்ச் சேர வாய்ப்பு உண்டு. பேனல் வைத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு மர அலமாரிதான்.

அது பார்க்கவும் சரியாக வராது. இருபது இஞ்ச் என்பது மூலைக்கு மூலை அளவு. பழைய திரையின் அகலமும் உயரமும் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் இருக்கும், அதாவது சுமார் பதினாறு இஞ்ச் அகலம், பன்னிரண்டு இஞ்ச் உயரம். இன்றைய பேனல் பதினாறுக்கு ஒன்பது. அந்தப் பதினாறு இஞ்ச் அகலத்துக்குள் அடங்குகிற பேனலின் உயரம் ஒன்பது இஞ்ச்தான். மீதி மூன்று இஞ்சை அட்டையோ பிளைவுட்டோ வைத்துத்தான் மறைக்க வேண்டும். முன்பக்கம் லேசாகப் புடைத்த கண்ணாடிக்காகச் செய்த பெட்டியில் தட்டையான பேனல் எப்போதும் ஒட்டாமல்தான் நிற்கும்.

அளவுப் பிரச்சினைகூட இரண்டாம்பட்சம். பிக்சர் டியூபில் படம் வருகிற விதமே வேறு. அதில் எந்த ஒரு கணத்திலும் முழுப் படம் இருப்பதில்லை. டியூபின் கழுத்திலிருந்து ஒரே ஒரு எலக்ட்ரான் கற்றை கிளம்பி, திரையின் உள்பக்கம் பூசிய பாஸ்பரில் மோதி, ஒரு புள்ளி வெளிச்சத்தை உண்டாக்குகிறது. அந்தப் புள்ளி, காப்பி நோட்டில் எழுதுவதுபோல, இடமிருந்து வலமாக வரி வரியாக ஓடிக் கீழே வருகிறது. ஒரு படத்துக்கு 625 வரி, வினாடிக்கு 25 படம். பெருக்கினால் 15,625. வினாடிக்கு அத்தனை தடவை அந்தக் கற்றை இடது ஓரத்துக்குத் திரும்ப வேண்டும். டிவி போட்டதும் ஊசிபோல ஒரு சத்தம் கேட்குமே, ஈ.எச்.டி. டிரான்ஸ்ஃபார்மர் இந்த வேகத்தில் அதிர்வதுதான் அது. வயது ஏற ஏற அது காதுக்கு எட்டாமல் போகும். உங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருந்தால் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள், செட் உயிர் பெற்றதை முதலில் சொல்வது அந்தப் பிள்ளையாகத்தான் இருக்கும்.

எழுதி முடிப்பதற்குள் மேல் வரி மங்க ஆரம்பிக்கிறது, அதற்குள் அடுத்த படம் வந்துவிடுகிறது. கண்ணும் பாஸ்பரும் சேர்ந்துதான் அதை முழுப் படமாக ஆக்குகின்றன. இவ்வளவையும் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய பாகங்களை வைத்துச் செய்திருக்கிறார்கள். எந்தப் பாகம் என்ன செய்கிறது என்று விரலால் காட்டிச் சொல்லிவிடலாம். இன்றைய டிவியில் அது முடியாது. பழைய டிவியை ஓட வைக்கிறவர்களுக்குப் பெட்டியின் அழகைவிட இதுதான் பெரிது, எனக்கும் அப்படித்தான்.

உங்கள் செட்டின் ஊர் சென்னை. டயனோரா, சாலிடேர் இரண்டுமே அங்கே செய்தவை. கெல்ட்ரான் கேரளத்தது. இ.சி. டிவி ஹைதராபாத்தில் இ.சி.ஐ.எல். என்ற அரசு நிறுவனம் செய்தது. பெங்களூருக்கு தூர்தர்ஷன் வந்தது 1981-ல். அதற்கு முன்பே 1975–76-ல் சாட்டிலைட் வழியாக நடந்த ‘சைட்’ திட்டத்தில் கர்நாடகத்துக் கிராமங்கள் டிவி பார்த்துவிட்டன. அந்தப் பெட்டிகளைச் செய்ததும் இ.சி.ஐ.எல்.தான். அப்படி ஒரு செட் ஞாயிற்றுக்கிழமை காலையில் சிக்பேட்டை சந்தையில் கண்ணில் பட்டால், எந்த நிலையில் இருந்தாலும் எனக்குத் தகவல் சொல்லுங்கள்.

பின்மூடியைத் திறக்கும்போது டியூபின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளையும் பாருங்கள். பி.இ.எல். (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) என்று இருந்தால் அது ஜாலஹள்ளியில் செய்த டியூப், உங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம். பெட்டி சென்னையிலிருந்து வந்தாலும் அதன் கண் பெங்களூரில் பிறந்ததாக இருக்கலாம். பெட்டிக்குள்ளேயோ அப்பாவின் பழைய பைல்களிலேயோ போஸ்ட் ஆபீஸ் டிவி லைசென்ஸ் புத்தகம் கிடைத்தாலும் எறிந்துவிடாதீர்கள். 1980-களின் நடுவில் அந்த லைசென்ஸை எடுத்துவிட்டார்கள். புத்தகம் இருந்தால் வாங்கிய காலம் தெரிந்துவிடும்.

இனி வேலைக்கு வருவோம். திறப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், உள்ளே கை வைக்காதீர்கள். ஓடுகிற டிவியில் டியூபின் பக்கவாட்டில் ரப்பர் மூடி போட்ட இடத்தில் பதினைந்தாயிரம் வோல்ட்டை ஒட்டி இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபே அதைச் சேர்த்து வைத்திருக்கும். வருஷக்கணக்காகக் கிடந்த உங்கள் செட்டில் அது வடிந்திருக்கும், ஆனால் ஒரு தடவை ஆன் செய்துவிட்டால் மறுபடி ஏறிவிடும். இன்னொன்று, அந்தக் காலத்துப் பல செட்டுகளில் சேசிஸ் நேராக மெயின்ஸ் கரண்டோடு சேர்ந்திருக்கும். பிளக் மாறிச் செருகினால் உலோகச் சட்டமே ஷாக் அடிக்கும். அதனால்தான் நல்ல மெக்கானிக், மெயின்ஸிலிருந்து செட்டைப் பிரித்து வைக்கிற ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் இவற்றைத் தொடுவதில்லை. தூக்கும்போது பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் டியூபின் கழுத்து எதிலும் இடிக்கக் கூடாது. அங்கே லேசாக விரிசல் விட்டாலும் காற்று உள்ளே போய்விடும், அதோடு டியூப் போச்சு.

ஆகவே ஆளைத் தேடுங்கள். எஸ்.பி. ரோட்டுப் பெரிய கடைகளில் கேட்டால் எல்.இ.டி. பேனல் மாற்றுகிறவரைக் காட்டுவார்கள். சந்துகளுக்குள் போய் ‘டியூப் டிவி பார்ப்பவர் யார்’ என்று கேளுங்கள். அறுபது தாண்டியவர்கள் சிலர் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள், ஆம்ப்ளிஃபையரும் மிக்ஸியும் பழுது பார்த்துக்கொண்டு.

அவர்களில் ஒருவர் ஒரு சாலிடேரைச் சரி செய்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். முதலில் ஒரு பழைய பல்பு போர்டை எடுத்தார். ஹோல்டரில் நூறு வாட் குண்டு பல்பு, அதோடு சீரிஸில் ஒரு சாக்கெட். டிவியை அதில் செருகினால் உள்ளே ஷார்ட் இருந்தாலும் பல்புதான் முழுசாக எரியும், செட்டுக்கு ஒன்றும் ஆகாது. எரிந்து உடனே மங்கினால் நல்ல அறிகுறி. (எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. குண்டு பல்பு அரிதாகிக்கொண்டு வருகிறது, கிடைத்தால் வாங்கி வையுங்கள்.) பல்பு மங்கியது. சோதித்து, சந்தேகப்பட்ட கண்டன்சர்களை மாற்றிவிட்டு நேரடிக் கரண்ட் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் திரையின் நடுவே படுக்கையாக ஒரே ஒரு வெள்ளைக் கோடு, கண் கூசுகிற மாதிரி. உடனே பிரைட்னஸைக் குறைத்தார். முழுத் திரைக்கான வெளிச்சமும் ஒரே கோட்டில் விழுந்தால் அந்த இடத்துப் பாஸ்பர் கருகி, நிரந்தரமாகத் தழும்பு விழுந்துவிடும். அப்புறம் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். இரண்டு கையும் உள்ளே இருந்தால் கரண்ட் நெஞ்சு வழியாகப் பாயும். வலது கையில் ஒரு காய்ந்த மூங்கில் குச்சி. அந்தக் குச்சியால், கற்றையைத் திருப்புகிற யோக் காயிலின் ஒயர் வந்து சேருகிற பின்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். ஒரு பின்னில் கோடு சட்டென்று மேலும் கீழும் விரிந்து திரை நிறைந்தது, குச்சியை எடுத்ததும் மறுபடி கோடாகிவிட்டது. சால்டர் விட்டிருந்தது. செட்டை அணைத்து, டியூபை டிஸ்சார்ஜ் செய்து, அந்த ஒரு பின்னுக்கு ஈயம் வைத்தார்.

இந்தக் கைத்திறன் எந்தப் புத்தகத்திலும் முழுசாக எழுதி வைக்கப்படவில்லை. அவர் கேட்கிற கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். முடிந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், கேள்வி கேளுங்கள், அவர் அனுமதித்தால் வீடியோ எடுத்து வையுங்கள். இந்தப் பொழுதுபோக்குக்கு வருகிற இளைஞர்களிடமும் இதையேதான் வற்புறுத்துகிறேன். செட்டுகள் இன்னும் கிடைக்கும். அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள்தான் குறைந்துகொண்டே போகிறார்கள்.

ஒரே ஒரு விஷயம் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கழற்றுகிற எந்தப் பாகத்தையும் எறிய வேண்டாம், ஒரு டப்பாவில் போட்டுத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். புதுக் கண்டன்சர் போடும்போது மைக்ரோஃபாரட் அதே அளவும், வோல்டேஜ் அதே அளவோ கூடுதலோ இருந்தால் போதும். சேனல் மாற்றும் திருகு கட கடவென்று சுற்றுகிற வகையாக இருந்தால் உள்ளே தொடுமுனைகள் கறுத்திருக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சுற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மரத்துக்கு ஈரத்துணி, பிறகு தேவைப்பட்டால் கையால் பிரெஞ்சு பாலிஷ். பளபளக்கிற பி.யு. கோட்டிங் அடிக்கத் தம்பியை விடாதீர்கள்.

எதைப் பார்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். தூர்தர்ஷனின் அனலாக் ஒளிபரப்பு 2022-க்குள் பெரும்பாலும் நின்றுவிட்டது, ஆகவே ஆன்டெனாவை நம்ப முடியாது. சிக்னலை வீட்டிலேயே உண்டாக்க வேண்டும், அதற்கு, படத்தையும் சத்தத்தையும் டிவி சேனல் சிக்னலாக மாற்றுகிற மாடுலேட்டர் வேண்டும். விசிஆரில் ஒன்று உள்ளேயே இருக்கும், ஆனால் அதன் சிக்னல் பொதுவாக யு.எச்.எஃப். என்ற உயர் அலைவரிசையில் வரும். உங்கள் டிவியின் டியூனர் அதைவிடத் தாழ்ந்த வி.எச்.எஃப். மட்டும் எடுப்பதாக இருந்தால் அது உதவாது. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிற சிலவற்றில் படம் வரும், சத்தம் வராது. நம் நாட்டு முறையில் படத்துக்கும் சத்தத்துக்கும் இடைவெளி 5.5 மெகாஹெர்ட்ஸ். வேறு நாட்டுக்குச் செய்தவற்றில் அது 4.5 அல்லது 6 ஆக இருக்கும்.

நான் சிபாரிசு செய்வது பழைய கேபிள் ஆபரேட்டர்களின் மாடுலேட்டரை. பெங்களூரு 2013-ல் டிஜிட்டல் கேபிளுக்கு மாறியபோது கன்ட்ரோல் ரூம்களில் வரிசையாக நின்றவை பழைய சாமானாகிவிட்டன. அவை நம் முறைக்கே செய்தவை, வி.எச்.எஃப்.-ல் வேலை செய்பவையும் உண்டு. ஏரியா கேபிள்காரரிடம் கேட்டுப் பாருங்கள், ஏதாவது ஒரு மூலையில் வைத்திருப்பார். அதிலிருந்து வரும் சிக்னல் வீட்டு டிவிக்கு மிக அதிகம், படம் கறுத்து நெளியும். நடுவில் சிக்னலைக் குறைக்கிற ஒரு அட்டெனுவேட்டர் போடுங்கள். டிவியின் பின்னால் தட்டை ஒயருக்கான இரண்டு ஸ்க்ரூ மட்டும் இருந்தால் உருண்டை கேபிளை அதோடு பொருத்துகிற பேலன் ஒன்றும் தேவை. போனிலிருந்தோ கம்ப்யூட்டரிலிருந்தோ கொடுப்பதானால் எச்.டி.எம்.ஐ.-யை ஏ.வி. ஆக்குகிற சின்னப் பெட்டி வாங்குங்கள், அதன் பக்கத்தில் உள்ள சுவிட்சை ‘PAL’ என்று எழுதிய பக்கம் தள்ளி வையுங்கள். பிரசார் பாரதி ஆவணக் காப்பகம் பழைய தூர்தர்ஷன் நிகழ்ச்சிகள் பலவற்றை யூடியூபில் வைத்திருக்கிறது. அவை நாலுக்கு மூன்று அளவில் எடுத்தவை, உங்கள் திரையில் ஓரம் விடாமல் நிறையும்.

வீடு இடிக்கும் வேலை தொடங்குவதற்குள் செட்டைத் தூசியும் ஈரமும் இல்லாத இடத்துக்கு மாற்றிவிடுங்கள். பின்மூடியைக் கழற்றியதும் உள்ளே நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்புங்கள், சேசிஸில் அச்சடித்திருக்கும் மாடல் நம்பர் தெரிகிற மாதிரி. சர்க்யூட் படம் கிடைக்குமா என்று தேடிப் பார்க்கிறேன்.