மாதம் 9,000 வாடகை; 45 லட்சத்துக்கு வீடு பார்த்திருக்கிறோம். வாங்கலாமா, வாடகையிலேயே இருக்கலாமா?

நாகர்கோவிலில் வாடகைக்கு இருக்கிறீர்கள். சுசீந்திரம் பக்கம் ஒரு புது மனைப்பிரிவில் 5 சென்டில் கட்டிய வீட்டை 45 லட்சத்துக்குச் சொல்கிறார்கள். கையில் 15 லட்சம் இருக்கிறது, 30 லட்சம் கடன் எடுக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் சிரித்துவிட்டேன், தவறாக நினைக்காதீர்கள். 2021இல் ஏறக்குறைய இதே இடத்தில்தான் நாங்களும் நின்றோம்.

நான் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பார்ப்பவள், அதனால் முதலில் கணக்கு. 8.5 சதவீத வட்டியில் 30 லட்சத்துக்கு 20 ஆண்டுத் தவணை மாதம் சுமார் 26,000 ரூபாய். முதல் ஆண்டில் நீங்கள் கட்டும் தொகையில் இரண்டரை லட்சம் வட்டிக்கே போய்விடும், அசலில் 60 ஆயிரம்கூடக் குறையாது. உங்கள் வாடகையோ ஆண்டுக்கு 1,08,000. எங்கள் சித்தப்பா ஒவ்வொரு விசேஷ வீட்டிலும் என்னைப் பிடித்து வைத்து, "வாடகை கொடுப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதானே?" என்பார். வங்கிக்குக் கொடுக்கும் பானையிலும் ஓட்டை இருக்கிறது, இதைவிடப் பெரிய ஓட்டை என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும்.

பத்திரச் செலவை நீங்கள் கணக்கில் சேர்க்கவே இல்லை. முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 45 லட்சத்துக்குப் பத்திரம் எழுதினால் 4,05,000. உங்கள் வாடகையில் மூன்றே முக்கால் ஆண்டு அது. வங்கியும் இதற்குக் கடன் தராது, கைப்பணம்தான். வட்டியும் நிற்குமிடத்தில் நிற்காது. ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனின் வட்டியான ரெப்போ, 2021இல் 4 சதவீதமாக இருந்தது, 2023 பிப்ரவரியில் 6.5 ஆனது. 6.75 சதவீதத்தில் கடன் வாங்கிய என் தோழி, தவணை கூடவில்லையே என்று நிம்மதியாக இருந்தாள். வங்கி தவணையைத் தொடாமல் காலத்தை நீட்டியிருந்தது பிறகுதான் தெரிந்தது.

இவ்வளவு சொன்னதால் வாங்காதீர்கள் என்கிறேன் என்று எண்ண வேண்டாம். நாங்கள் வாங்கிவிட்டோம். எட்டு ஆண்டுகளில் மூன்று வீடு மாறியவள் நான். வளைகுடாவிலிருந்து மகன் வருகிறான், இரண்டு மாதத்தில் காலி செய்யுங்கள் என்று வீட்டுக்காரர் சொன்னால் பிள்ளையின் பள்ளி, பஸ் எல்லாவற்றையும் மறுபடி அடுக்க வேண்டும். அந்த அலுப்பை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது.

ஆனால் 2021இல் வாங்கியிருந்தால் அழிந்திருப்போம். செப்டம்பரில் ஒரு லட்சம் முன்பணம் கொடுத்தோம், தீபாவளி கழிந்து பத்திரம் என்று பேச்சு. வடசேரியில் அப்போது நாங்கள் குடியிருந்த வீட்டுக்கார அம்மாவிடம் இடத்தைச் சொன்னபோது, "மக்களே, அது வயல் அல்லவா? ஐப்பசி மழையில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு எழுது" என்றார். வீட்டை விட்டுப் போகிறோம் என்ற வருத்தத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன். நவம்பர் நடுவில் அந்தப் பெருமழை பெய்தது. மாவட்டமே தத்தளித்தது, நினைவிருக்கும். மழை விட்ட மறுநாள் ஸ்கூட்டரில் போனோம். வீடு நின்றது, வீட்டுக்குப் போகும் சாலையைக் காணவில்லை. முழங்காலுக்கு மேல் தண்ணீர், வரவேற்பறைக்குள் தவளைச் சத்தம். பழையாற்றுப் பாசனத்தில் கிடந்த வயலை மண் போட்டு மேடாக்கியிருந்தார்கள். வயலுக்கு வந்துகொண்டிருந்த கால்வாய்க்கு வீடு வந்த செய்தி தெரியாது, அது பழைய வழியிலேயே வந்தது. விற்றவர் "இது நூறு ஆண்டுக்கு ஒரு மழை" என்றார். முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. அந்த 50 ஆயிரத்தை நினைத்து நான் ஒரு நாளும் அழுததில்லை.

அதன் பிறகு முறையை மாற்றினோம். கணவருக்குத் தக்கலையில் வேலை. வாங்கினால் அங்கேதான் என்று முடிவு செய்து, முதலில் அங்கே வாடகைக்குப் போனோம். ஆனி மழை, ஐப்பசி மழை இரண்டையும் இரண்டு முறை பார்த்தோம். சித்திரையில் எந்தத் தெருக் கிணறு வற்றுகிறது, எந்த வீட்டுக்குத் தண்ணீர் லாரி வருகிறது என்பதெல்லாம் காய்கறிக் கடையில் நின்றாலே தெரிந்துவிடும். வாடகை வீண் என்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: அந்த இரண்டு ஆண்டு வாடகை நான் கொடுத்த பள்ளிக் கட்டணம்.

2024இல் அதே தெருவில் 18 ஆண்டுப் பழைய வீடு, 6 சென்ட், கிணற்றோடு வந்தது. முன்னாதாரம், அதாவது அந்த இடத்தின் முந்தைய பத்திரம், மலையாளத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1க்கு முன் நாம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தோம் அல்லவா, கல்குளம், விளவங்கோடு பக்கத்துப் பழைய பத்திரங்களில் இது சாதாரணம். மலையாளம் படிக்கத் தெரிந்த ஒரு வயதான பத்திர எழுத்தரிடம் கொண்டு போனோம். மூக்குக்கண்ணாடியை இறக்கிப் படித்தவர், "கார் போகும் பாதை என்றா சொன்னார்கள்? இதில் மூன்றடி நடைவழிதான் இருக்கிறது" என்றார். அன்று மாலையே விலை இரண்டு லட்சம் இறங்கியது. எங்களிடம் கார் இல்லை. ஸ்கூட்டர் மூன்றடியில் தாராளமாகப் போகிறது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அந்த மனையின் சர்வே எண்ணை வாங்கி, கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் அது நன்செய்யா (வயலா) புன்செய்யா என்று பாருங்கள். மனைப்பிரிவு அங்கீகார ஆணையின் நகலைக் கையில் வாங்குங்கள், "இருக்கிறது, தருகிறோம்" என்பதெல்லாம் வேண்டாம். மாதச் சம்பளத்தில் 26,000 போக என்ன மிஞ்சுகிறது என்பதை நீங்கள் எழுதவில்லை. பாதிகூட மிஞ்சாது என்றால் பேச்சே இல்லை. மிஞ்சும் என்றால் ஐப்பசி வரை முன்பணம் கொடுக்காமல் இருங்கள். இந்த வாரமே கொடுக்காவிட்டால் வேறு ஆள் வாங்கிவிடுவார் என்று தரகர் சொல்வார், எங்களிடமும் அதையேதான் சொன்னார். அந்த வீட்டை வேறு ஆள் வாங்கினார். போன ஆண்டு பஸ்ஸில் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன், வாசலில் "வீடு விற்பனைக்கு" என்று பலகை தொங்குகிறது. நீங்கள் பார்த்திருப்பது அதுவாக இருக்காது என்று நம்புகிறேன். வாசலில் இரண்டு தென்னை இருந்தால் மட்டும் எனக்கு எழுதுங்கள்.