கெட்டிமேளத்துக்கு முன்னால் ஷட்டரைக் கவனியுங்கள்
(கேமரா கேள்வி – பதில்)

அடுத்த மாதம் அண்ணன் கல்யாணம். என்னிடம் இருப்பது 18–55 லென்ஸோடு வந்த சாதாரண டி.எஸ்.எல்.ஆர். நிச்சயதார்த்தத்தில் எடுத்த படங்கள் ஆடிப்போயிருந்தன. ஸ்போர்ட்ஸ் மோடுக்கு மாற்றினால் கறுப்புப் பட்டை விழுகிறது. கேமரா பழுதா?
– வாசகி, மேற்கு மாம்பலம்

கேமரா நன்றாகத்தான் இருக்கிறது. மண்டபத்து வெளிச்சம்தான் படுத்துகிறது. உங்கள் லென்ஸ் 18-ல் (அகலமாகப் பார்க்கும் முனை) எஃப் 3.5 வரை திறக்கும் (எஃப் என்பது லென்ஸ் துளையின் அளவு, எண் கூடினால் துளை சிறிது). ஜூமை 55-க்கு இழுத்தால் எஃப் 5.6-தான். உள்ளே வரும் வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும். அதை ஈடுகட்ட ஆட்டோ மோட் ஷட்டர் வேகத்தை 1/20 நொடி வரை இறக்கிவிடும். கையும் ஆடும், மாப்பிள்ளையும் ஆடுவார்.

ஸ்போர்ட்ஸ் மோடில் கதை நேர்மாறு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல எல்.இ.டி. விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாது. ஷட்டர் 1/500-ல் ஓடினால் படத்தின் ஒரு பகுதி விளக்கு பிரகாசமாக இருக்கும்போதும், மறுபகுதி மங்கும்போதும் பதிவாகும். அதுதான் பட்டை.

ஷட்டரை நீங்களே தீர்மானிக்கும் மோடுக்குப் போங்கள் (கேனானில் டி.வி., நிக்கானில் எஸ்). 1/100 வையுங்கள், ஒரு முழுத் துடிப்பு அதில் அடங்கிவிடும். ஐ.எஸ்.ஓ. (கேமரா வெளிச்சத்தை உணரும் திறன்) ஆட்டோ, உச்சவரம்பு 3200. புள்ளி புள்ளியாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. ஆடிய படத்தைத்தான் எதுவும் செய்ய முடியாது. சில அலங்கார விளக்குகள் வேறு வேகத்தில் துடிக்கும். அதனால் முதல் நாள் மாலை வரவேற்பிலேயே நாலு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். பின்னால் வெள்ளைப் பூ அலங்காரமோ எல்.இ.டி. திரையோ இருந்தால் முகம் கறுக்கும், எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +0.7 அல்லது +1 ஏற்றுங்கள். ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாமல் அப்படியே பதியும் கோப்பு) எடுப்பது நல்லது. மேடையின் ஊதா வெளிச்சம் முகத்தில் அப்பினால் பிறகு ஓரளவு சரிசெய்யலாம்.

தாலி கட்டும்போது எங்கே நிற்பது? போன தடவை எல்லோருடைய முதுகுதான் கிடைத்தது.
– வாசகர், பெரம்பூர்

மேடைக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். அது காசு வாங்கி வந்திருக்கும் போட்டோகிராபரின் இடம். தவிர, தாலி கட்ட நீளும் மாப்பிள்ளையின் கை நேர் எதிரிலிருந்து பார்த்தால் பெண்ணின் முகத்தை மறைக்கும். மேடையிலேயே, பெண் பக்கம் ஓரமாகக் கொஞ்சம் சாய்வாக நில்லுங்கள். சொந்தக்காரர் என்ற சலுகை இதற்குத்தான். வீடியோக்காரரின் விளக்கு உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். எதிரே இருந்தால் ஜோடி நிழலுருவாகிவிடும்.

தாலித்தட்டு சபையைச் சுற்றி ஆசீர்வாதம் வாங்கித் திரும்பியதும் தயாராகுங்கள். ஒற்றைப் புள்ளி ஃபோகஸைப் பெண்ணின் கண்ணில் வைத்து, லென்ஸ் பொத்தானை எம்.எஃப்.புக்கு (கையால் ஃபோகஸ் செய்யும் முறை) தள்ளிவிடுங்கள். இல்லாவிட்டால் கெட்டிமேளம் முழங்கும் நேரத்தில் கேமரா பறக்கிற அட்சதையைத் துரத்திக்கொண்டிருக்கும். அதன்பின் நகராதீர்கள், நகர்ந்தால் ஃபோகஸ் போயிற்று. பட்டனை அழுத்தியபடியே இருக்கவும் வேண்டாம். ரா ஃபைலில் பஃபர் (கேமராவின் தற்காலிக நினைவகம்) சீக்கிரம் நிரம்பி, முடிச்சு விழும் நேரத்தில் கேமரா நின்றுவிடும். இரண்டு மூன்றாக எடுங்கள். பல வீடுகளில் மிச்ச முடிச்சுகளை நாத்தனார் போடுவார். அந்தச் சிரிப்பையும் விடாதீர்கள்.

கேமராவிலேயே இருக்கும் ஃபிளாஷ் போதுமா?
– வாசகர், குரோம்பேட்டை

ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 5.6 என்றால் அதன் வெளிச்சம் சுமார் 2 மீட்டர் வரைதான் எட்டும், ஐ.எஸ்.ஓ. 800-ல் 6 மீட்டர். கூடத்தின் கடைசி வரிசையிலிருந்து அடிப்பதில் பயனில்லை. ஹோமப் புகையில் அடித்தால் புகைதான் வெள்ளையாக விழும். சரிகையும் வியர்த்த நெற்றியும் பளீரென்று மின்னும். லென்ஸ் ஹூடை (லென்ஸின் முன்னால் மாட்டும் மறைப்பு) கழற்றாமல் 18-ல் எடுத்தால் படத்தின் கீழே அரைவட்ட நிழல் விழும். வாசலில் வெயிலுக்கு முதுகு காட்டி நிற்பவர்களுக்கு மட்டும் போடுங்கள்.

ஏ.சி. மண்டபத்திலிருந்து காசி யாத்திரைக்கு வாசலுக்கு வந்ததும் எல்லாப் படமும் பனிமூட்டமாக வந்தது. லென்ஸில் பூஞ்சையா?
– வாசகி, பல்லாவரம்

பூஞ்சை இல்லை, சென்னைக் காற்று. குளிர்ந்த கண்ணாடியில் வெளியிலுள்ள ஈரம் நீராகப் படிகிறது. துடைத்தால் மறுபடி படியும். லென்ஸை மட்டும் கழற்றாதீர்கள். ஈரம் உள்ளே சென்சாரிலும் படியும். யாத்திரைக்கு 20 நிமிடம் முன்பே கேமராவைப் பையில் போட்டு, ஜிப்பை மூடி, ஏ.சி. இல்லாத இடத்தில் வையுங்கள். குடையும் விசிறியுமாக மாப்பிள்ளை கிளம்பும்போது வெளியே எடுங்கள்.

குரூப் போட்டோவில் ஓரத்தில் நிற்கும் அத்தை மட்டும் அகலமாகத் தெரிகிறார். கோபித்துக்கொள்கிறார்.
– வாசகர், அண்ணா நகர்

18-ல் எடுத்திருப்பீர்கள். ஓரத்தில் இருப்பதை அது இழுக்கும். நாலு அடி பின்னால் போய் ஜூமை 30-க்குப் பக்கத்தில் வையுங்கள். மூன்று வரிசை என்றால் எஃப் 8, ஃபோகஸ் நடுவரிசைக்குச் சற்று முன்னால். ஐந்து படமாவது எடுங்கள், யாராவது ஒருவர் கண் மூடியிருப்பார். அத்தையை நடுவில் உட்கார வைத்துவிடுங்கள்.