கல்குவாரிக் குட்டையில் ஸ்கூபா: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

முதுகில் காற்றுச் சிலிண்டர் மாட்டிக்கொண்டு முக்குளிக்கும் ஸ்கூபாவுக்காக, கடலுக்குப் போகும் முன் கைவிடப்பட்ட கல்குவாரிக் குட்டையில் இறங்கிப் பழகுகிறவர்கள் கூடிவிட்டார்கள் என்பது கடிதக் கட்டின் கனத்திலேயே தெரிகிறது. எல்லாவற்றுக்கும் பதில் எழுத இடமில்லை. ஒரே கேள்வியை நால்வர் கேட்டிருந்தால் ஒருவருக்குச் சொன்னதையே மற்றவர்களும் எடுத்துக்கொள்ளவும்.

*குட்டையில் பச்சைச் சாயம் ஊற்றியதுபோல் இருக்கிறது. கரையோரம் மட்டும்தான், நடுவில் தெளிவு. இறங்கலாமா? – கோவை*

கூடாது. அது நீலப்பச்சைப் பாசி. இன்று கரையோரம் இருப்பதைக் காற்று நாளைக்கு நடுவில் தள்ளும். அதன் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. நாயைக்கூட அங்கே நீர் குடிக்க விடாதீர்கள்.

*எங்கள் குட்டையில் டி.டி.எஸ். 180தான் காட்டுகிறது. வீட்டுக் குழாய் நீரைவிடச் சுத்தம். அடியில் கிடக்கும் கல்லை எண்ணலாம். பயமில்லாமல் பயிற்சி நடத்தலாமா? – ஓசூர்*

வந்துவிட்டது டி.டி.எஸ். மீட்டர்! இதே அளவீட்டை அனுப்பி இதே கேள்வியைக் கேட்டவர்கள் இந்த முறை நால்வர். ஐயா, அந்தப் பேனா அளவுக் கருவி மின்சாரம் நீரில் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்று பார்த்து, கரைந்த உப்பின் அளவை ஊகித்துச் சொல்கிறது. கிருமியைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. ஒரு வாளி மழைநீரில் ஒரு கரண்டி சாக்கடையைக் கலந்து அளந்து பாருங்கள். உங்கள் 180ஐவிடக் குறைவாகக் காட்டும். குடிப்பீர்களா?

தெளிவு என்பதும் அப்படித்தான். கல்குவாரியில் மண் குறைவு, அதனால் கலங்கல் குறைவு. அவ்வளவே. பல ஆண்டுகளுக்கு முன் நானும் ஏமாந்தேன். பத்து மீட்டர் ஆழத்தில் கிடந்த பீடிக்கட்டின் முத்திரையைப் படிக்கும் அளவுக்குத் தெளிந்த குட்டை. கணுக்காலில் ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) உரசிய சிராய்ப்பு. பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு இறங்கினேன். ஒன்பதாம் நாள் காய்ச்சல், கண் சிவப்பு, கெண்டைக்காலை யாரோ முறுக்கிப் பிழிவதுபோல் வலி. மலேரியா இல்லை, டெங்கு இல்லை என்று இரண்டு மருத்துவர்கள் அனுப்பிவிட்டார்கள். மூன்றாமவர்தான் “அண்மையில் எங்காவது குளத்தில் இறங்கினீர்களா?” என்று கேட்டார். எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த நீர் காயத்தின் வழியே உள்ளே போயிருக்கிறது. முதல் இருவரிடம் குட்டையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அந்தத் தவறு என்னுடையது.

எனவே சோதிக்க வேண்டியது உப்பை அல்ல, நீரில் மலம் கலந்திருப்பதைக் காட்டிக்கொடுக்கும் மலக் கோலிஃபார்ம் கிருமியை. குளிக்கும் நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் அளவு, 100 மில்லிக்கு 500க்குள் இருந்தால் நல்லது, 2,500 உச்ச வரம்பு. கிருமி நீக்கிய பாட்டிலில், மேல்மட்டத்துக்கு ஒரு முழம் கீழே எடுத்து, பனிக்கட்டியில் வைத்து அன்றைக்கே ஆய்வகத்தில் சேருங்கள். முந்தாநாள் பிடித்துக் காரில் மறந்துவிட்ட பாட்டில் பயன்படாது. கோடையில் எடுத்த முடிவை ஐப்பசியில் காட்டாதீர்கள். பெருமழைக்குப் பின் மூன்று நாள்கள் இறங்காதீர்கள். இதை எத்தனை முறை எழுதினேனோ.

*ப்ளீச்சிங் பவுடர் போட்டுச் சுத்தப்படுத்தலாமா? இரண்டு மூட்டை போதுமா? – மதுரை*

நீளம், அகலம், ஆழம் எதையும் எழுதாமல் மூட்டைக் கணக்கு கேட்கிறீர்கள். 60 மீட்டர் நீளம், 40 அகலம், 10 ஆழம் என்று வைத்தாலே 2.4 கோடி லிட்டர் நீர் இருக்கும். ஓரளவு வீரியம் வர 150 கிலோ அளவுக்குக் கொட்ட வேண்டும். அதிலும் பெரும்பகுதியைப் பாசியும் சேறும் விழுங்கிவிடும், மிச்சத்தை வெயில் சில மணி நேரத்தில் தீர்த்துவிடும். மீன்கள் மட்டும் செத்து மிதக்கும். நீச்சல் குளத்துக்கான வைத்தியத்தைக் குட்டைக்குச் செய்யாதீர்கள்.

*மாஸ்க்கைக் கழற்றி மாட்டும் பயிற்சியைக் குட்டையிலேயே முடித்துவிடலாமா? நீச்சல் குளத்துக்கு வாடகை அதிகம். – திருச்சி*

வாடகை அதிகம்தான். ஆனாலும் கொடுங்கள். அந்தப் பயிற்சியில் நீர் மூக்குக்குள் போவது தவிர்க்க முடியாதது. வெதுவெதுப்பான நன்னீரிலும் அடிச்சேற்றிலும் வாழும் ‘நெக்லேரியா’ என்ற அமீபா மூக்கின் வழியே மூளைக்குப் போகிறது. குடித்தால் ஒன்றும் செய்யாது. 2024இல் கேரளத்தில் குழந்தைகளைப் பலிகொண்ட மூளைக்காய்ச்சலை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மிக அரிது, ஆனால் வந்தால் பிழைப்பவர் சிலரே. மாஸ்க் பயிற்சியைக் குளோரின் போட்ட குளத்தில் முடித்துவிட்டுக் குட்டைக்கு வாருங்கள். முழங்காலிட்டு அடிச்சேற்றைக் கிளறும் பழக்கத்தையும் அங்கேயே விட்டுவிடுங்கள்.

*நான் இறங்கும் குட்டை நல்லதா? – ஊர் குறிப்பிடாத வாசகர்*

எந்தக் குட்டை?

*ஆழத்தில் போய்வந்த பிறகு உபகரணங்களில் அழுகிய முட்டை நாற்றம். சிலிண்டர் காற்று கெட்டுவிட்டதா? – சேலம்*

காற்றில் கோளாறில்லை, நீங்கள் போன இடத்தில்தான் கோளாறு. ஆழமான குட்டைகளில் மேல்நீரும் அடிநீரும் மாதக்கணக்கில் கலப்பதில்லை. உயிர்வளி தீர்ந்துபோன அடி அடுக்கில் இலைதழை அழுகி ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகிறது. பித்தளை இணைப்புகள் கறுத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். அந்த அடுக்குக்கு மேலேயே நில்லுங்கள். பாழுங்கிணற்றில் இறங்குகிறவர்களுக்கும் ஒரு சொல். நீருக்கு மேலே உள்ள காற்றும் கெட்டிருக்கலாம். நீர்மட்டத்துக்கு வந்ததும், சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுக்காதீர்கள். மேலே ஏறி வெளிக்காற்றுக்கு வந்த பிறகுதான் எடுக்க வேண்டும்.

*பார்வைத் தூரத்தை அளக்க விலையுயர்ந்த கருவி வாங்க வேண்டுமா? – சென்னை*

வேண்டாம். வெள்ளைச் சாயம் பூசிய சாப்பாட்டுத் தட்டும் முடிச்சுப் போட்ட கயிறும் போதும். இத்தாலியப் பாதிரியார் செக்கி 1865இல் செய்தது கிட்டத்தட்ட இதைத்தான். தட்டு மறையும் ஆழத்தையும், மேலே இழுக்கையில் மீண்டும் தெரியும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு நடுப்புள்ளியை எடுங்கள். வாராவாரம் எழுதி வையுங்கள். திடீரென்று பாதியாகக் குறைந்தால் பாசி பெருகுகிறது அல்லது எங்கோ சாக்கடை திறந்துவிட்டிருக்கிறார்கள். ஆனால் தட்டு நன்றாகத் தெரிகிறது என்பதற்காக நீர் சுத்தம் என்று எனக்கு எழுதாதீர்கள். ஓசூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

*முக்குளித்த மறுநாள் காதில் அரிப்பு. பஞ்சுக்குச்சியால் துடைத்தும் போகவில்லை. – தூத்துக்குடி*

துடைத்ததால்தான் போகவில்லை. குச்சியைத் தூக்கி எறிந்துவிட்டு, காது மருத்துவரிடம் போங்கள். குட்டையில் இறங்கியதை அவர் கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.