மார்கழி விடியலும் போகிப் புகையும்

கேள்வி: எனக்கு வயது 61, ஆஸ்துமா உண்டு. மார்கழி பிறந்ததிலிருந்து விடியற்காலை ஐந்து மணிக்கு நடக்கப் போனால் நெஞ்சு இறுக்கிப் பிடிக்கிறது. போகி வேறு நெருங்குகிறது. மகள் என்95 முகக்கவசம் வாங்கித் தந்திருக்கிறாள். அதை அணிந்துகொண்டு நடந்தால் போதுமா? சில நாள்களில் வீசும் இரசாயன நெடியையும் அது தடுக்குமா?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: முகக்கவசம் இருக்கட்டும், முதலில் மாற்ற வேண்டியது நீங்கள் நடக்கும் நேரத்தை. பனிக்கால இரவில் தரை குளிர்ந்து, அதையொட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துவிட, மேலே நிற்கும் வெப்பக்காற்று மூடிபோல் அமைந்து, வண்டிப் புகையையும் குப்பை எரித்த புகையையும் நாம் மூச்சிழுக்கும் உயரத்திலேயே தேக்கிவைக்கிறது. வெயில் ஏறித் தரை சூடான பிறகே அது கலைகிறது. ஆகவே எட்டு மணிக்குமேல், பெரிய சாலையை விட்டுத் தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம் நடங்கள். போகியன்று காலையில் வெளியே போகவே வேண்டாம். டயரும் பிளாஸ்டிக்கும் எரியும் புகை உங்களுக்கு ஆகாது. காற்று மாசின் அளவைக் காட்டும் சமீர் கைபேசிச் செயலியில் காற்றுத் தரக் குறியீடு 100-ஐத் தாண்டினாலே ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சுத் தொல்லை வரலாம்.

என்95 கவசம் 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டை வடிகட்டும். ஆனால் முகத்தோடு ஒட்டியிருந்தால்தான் அந்தக் கணக்கு செல்லும். இரண்டு பட்டைகளையும் மாட்டி, மூக்கின் மேலுள்ள கம்பியை இரு விரல்களால் அழுத்திவிட்டு, வேகமாக மூச்சை விட்டுப் பாருங்கள். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தால் மேல்புறம் இடைவெளி இருக்கிறது. தாடி இருந்தாலும் ஒட்டாது. துவைத்தால் வடிகட்டும் திறன் போய்விடும். ஈரத்துண்டைச் சுற்றிக்கொள்வதால் நுண்துகள் நிற்காது. நெடி என்பது வாயு. சாதாரண என்95 அதைத் தடுக்காது. அந்த நேரத்தில் அந்த இடத்தை விட்டு விலகுவதே வழி.

வாசற்கதவைச் சாத்திப் புகையைத் தடுத்துவிட்டுக் கட்டிலுக்கடியில் கொசுவர்த்தியைக் கொளுத்திவைப்பவர்கள் நிறையப் பேர். அதுவும் புகைதான்; கொசுவலை கட்டுங்கள்.

மூச்சுத்திணறல் வராமல் தடுக்க மருத்துவர் தந்திருக்கும் இன்ஹேலரை, நன்றாக இருக்கும் நாள்களிலும் விடாதீர்கள். நெஞ்சிறுக்கம் புதிதாகத் தொடங்கியிருப்பதால், இதயத்தையும் சேர்த்துப் பரிசோதிக்க இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். உடனடி நிவாரண இன்ஹேலர் எடுத்தும் தணியாமல், ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாதபடி மூச்சு வாங்கினாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ, காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.